என்னைப் போல ஒன்று

என் வாழ்க்கை எவ்வளவு மோசமானது என்று ஒரு டாக்டரிடம் எடுத்துச் சொல்வதற்காக என்னை ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கூட்டிப்போனவர்கள் என் அம்மாவும் தம்பியும் தம்பி மனைவியும். நான் பச்சைக் கரை போட்ட கைத்தறிச் சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அம்மா மேலும் கீழும் பார்த்தாள்.

"எதுக்குட்டி இது? அந்த நீலச் சேலைய உடுத்துனாப் போராதா?"

நீலச் சேலை சாயம் போனது. வீட்டில் உடுத்துவது. அம்மா ஏன் அதைச் சொன்னாள் என்று புரிந்தது. நான் மாற்றிக்கொள்ளவில்லை.

எனக்கு என்ன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறக்கும்போதே என் உடம்பில் நிறம் இல்லை. தலைமுடி வைக்கோல் வெளுப்பு. புருவமும் இமைமுடியும் அப்படியே. வெயில் பட்டால் தோல் சிவந்து கொப்பளித்துவிடும். கண் சாம்பல் நீலம். விழி ஓரிடத்தில் நிற்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கும். காகிதத்தை மூக்கில் இடிக்கிற தூரத்தில் வைத்தால்தான் எழுத்து தெரியும். டாக்டர்கள் இதை ஆல்பினிசம் என்கிறார்கள். சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்குகிறவர்கள் மதாம்மா என்றார்கள், வெள்ளைக்காரி என்று. சொந்தக்காரர்கள், எனக்குக் கேட்காது என்று அவர்கள் நினைக்கிற தூரத்தில் நின்றுகொண்டு, வெள்ளச்சி என்பார்கள். எனக்குக் கண்தான் மங்கல். காது நன்றாகவே கேட்கும்.

எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையாளச் சீமைக்கு வந்து ஆரியசாலையில் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம். அப்பா இறந்த பிறகு கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பிரிவில் இருக்கிறேன். போனக்காடு எஸ்டேட்டில் வேலை செய்கிற தமிழர்கள் எழுதும் மனுக்கள் என் மேஜைக்கு வரும். கூரை ஒழுகுகிறது, கிராஜுவிட்டி வரவில்லை, பள்ளிக்கூடத்துக்கு வழியில்லை என்று அவர்கள் தமிழில் எழுதியதை நான் மலையாளத்தில் மாற்றி மேலே அனுப்புவேன். மேலே போனதற்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. வேலை எனக்குப் பிடிக்கும். மதியம் நிழலுக்குள் இருக்கலாம். இந்த ஊரில் வருஷத்தில் பாதி நாள் மழை. மேகம் மூடிய நாட்களில் நான் கறுப்புக் கண்ணாடி இல்லாமல், கண்ணைச் சுருக்காமல், கிழக்கேகோட்டை வரை நடந்து போவேன். மழைக்காலம் எனக்குத் திருவிழா மாதிரி.

தம்பி என்னைவிட ஒன்பது வயது இளையவன். சின்ன வயதில் பஸ்ஸின் போர்டை எனக்காக வாசித்துச் சொல்வான். நான் வேலைக்குப் போன புதிதில், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் என்னைப் பஸ் ஏற்றிவிட்டுத்தான் போவான். யாராவது என்னைக் கேலி செய்தால் அவன்தான் சண்டைக்குப் போவான். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அவன் கெட்டவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் வீட்டில் கெட்டவர்கள் யாரும் இல்லை. அதுதான் இதில் எனக்கு ஆற்றாமை.

அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவார்கள். அன்று நான் அலுவலகத்திலிருந்து நேராகச் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. "இன்னைக்கி ஒனக்கு வர நேரமாகும் இல்ல?" என்று அம்மா காலையில் கேட்பாள். ஆமாம் என்பேன். ஒருநாள் திடீர் ஹர்த்தால் வந்து அலுவலகத்தை மதியமே மூடிவிட்டார்கள். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது முன்னறையில் ஆறேழு பேர் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேச்சும் நின்றது. மறுநாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று போன் வந்தது. அதற்கு முந்தின வாரம்வரை பொருந்தியிருந்த ஜாதகம்.

செய்தி பரவிவிட்டது. அதற்குப் பிறகு வந்த இடமெல்லாம் தட்டிப்போனது. கடைசியில் திருநெல்வேலியிலிருந்து அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, தன் மகளைத் தருவதாகச் சொன்னார். "நம்ம வீட்டுப் பிள்ளைய நமக்குத் தெரியாதா?" என்றார். எவ்வளவு பெரிய மனசு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். கல்யாண வீட்டில் முன் வரிசையில் என்னை உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் என்னை மதினி என்று கூப்பிட்டாள். அமைதியான பெண். நல்ல சிவப்பு. அந்தச் சிவப்பைப் பற்றி அம்மா தெருவில் எல்லோரிடமும் சொன்னாள்.

சில வருஷங்கள் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சொந்தத்தில் கல்யாணம் என்றதும் குடும்பத்தில் யாருக்காவது பிறவியிலேயே ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். தம்பி என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறான்.

ஒருநாள் மாலை அவன் என் அறைக்கு வந்து கட்டில் நுனியில் உட்கார்ந்தான்.

"அக்கா, ஒன் ரத்தம் கொஞ்சம் வேணும்."

"யாருக்கு முடியல?" என்று நான் பதறிவிட்டேன்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. டெஸ்டுக்கு. ஒனக்கு எதனால இப்டி ஆச்சுன்னு ரத்தத்துல பாப்பாங்களாம். அது தெரிஞ்சாத்தான் எங்க ரெண்டு பேருக்கும் அது இருக்கான்னு பாக்க முடியுமாம்."

"இருந்தா?"

"இருந்தா… பாத்துக்கிடலாம்ல." அவன் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தான்.

கொடுத்தேன். மறுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ரத்தம் எடுத்த நர்ஸ் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்தொரு எளுப்பம்" என்றாள், எவ்வளவு சுலபம் என்று. வெளுத்த தோலுக்கடியில் நரம்பு நீலமாகத் தெரியும். அவள் தேட வேண்டியிருக்கவில்லை. அன்று அதற்கு நானும் சேர்ந்து சிரித்தேன்.

சில வாரம் கழித்து முடிவு வந்தது. என்னிடம் இரண்டு பங்காக இருப்பது தம்பியிடம் ஒரு பங்கும் அவன் மனைவியிடம் ஒரு பங்கும் இருக்கிறதாம். இரண்டும் ஒரு குழந்தையில் சேர்ந்தால் அது என்னைப் போல இருக்கும். வெளியிலிருந்து பெண் எடுத்திருந்தால் அநேகமாக இந்தக் கேள்வியே வந்திருக்காது என்று டாக்டர் சொன்னதாகத் தம்பி சொன்னான். அதை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். வெளியிலிருந்து ஏன் பெண் கிடைக்கவில்லை என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். என்னைப் போல ஒன்று வந்துவிடும் என்று பயந்துதான் ஊரார் பெண் தரவில்லை. அந்தப் பயம்தான் இந்த இரண்டு பேரையும் சேர்த்துவைத்தது.

இதற்கிடையே அவள் தானாகவே உண்டாகியிருந்தாள். வீடு நிறைந்துபோனது. அம்மா சாலைக் கடைத்தெருவில் தெரிந்த கடைக்குப் போய்க் குங்குமப்பூ வாங்கிவந்தாள். தினமும் பாலில் போட்டு மருமகளுக்குக் கொடுத்தாள். பிள்ளை வெள்ளையாகப் பிறக்க வேண்டும் என்று. நான் சமையலறையில் அந்தப் பாலைக் காய்ச்சியிருக்கிறேன். அப்போது யாருக்கும், எனக்கும்கூட, அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

மூன்றாம் மாதத்தில் அவள் வயிற்றில் ஊசி போட்டு, நஞ்சுக்கொடியிலிருந்து கொஞ்சம் பரிசோதனைக்கு எடுத்தார்கள். இரண்டு பங்கும் சேர்ந்திருக்கிறது என்று வந்தது.

அதன் பிறகு குங்குமப்பூ டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. வீட்டில் யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. டாக்டர் ஓர் இளவயது மலையாளிப் பெண். அவசரப்படாதீர்கள், இந்தக் குறையோடு வாழ்கிற யாரையாவது பார்த்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள் என்று தம்பி சொல்லியிருக்கிறான். அப்படியானால் கூட்டி வாருங்கள், அம்மாவையும்தான் என்றாராம்.

முந்தின நாள் சாயங்காலம் அம்மாவும் அவனும் என்னை உட்காரவைத்துப் பேசினார்கள்.

"நீ பொய்யொண்ணும் சொல்லண்டாம் அக்கா. உள்ளதச் சொன்னா மதி," என்றான் தம்பி. "ஸ்கூல்ல பட்ட பாடு, கண்ணு, அந்தக் கழுத்துல அறுத்து எடுத்தது, கல்யாணம் ஆவாதது. எல்லாம் உள்ளதுதானே."

"உள்ளதுதான்."

"டாக்டர் உன்னப் பாத்ததும், இவ நல்லாத்தானே இருக்கான்னு நெனச்சிருவா. அதான் பேடி."

நான் நன்றாக இருப்பது அவனுக்குப் பயமாக இருந்தது. தான் என்ன சொல்கிறோம் என்று அவன் காதிலேயே விழவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பிள்ள படண்டாம் மக்ளே. நீ பட்டது போரும். நீ பட்டதச் சொல்லு. இந்த ஒருக்கச் சொல்லு."

நான் சரி என்றேன்.

டாக்டரின் அறை சின்னது. ஜன்னலில் வெளிச்சம் அதிகம். நான் கண்ணைச் சுருக்குவதைப் பார்த்துவிட்டு அவரே எழுந்து திரையை இழுத்துவிட்டார். யாரும் சொல்லாமல் எனக்காக ஒருவர் திரையை இழுத்துவிட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவர் மலையாளத்தில் பேசினார். நாங்களும் மலையாளத்தில் பதில் சொல்லிக்கொண்டு, நடுநடுவே எங்களுக்குள் தமிழில் பேசிக்கொண்டோம். தம்பி மனைவி வயிற்றின்மேல் கைப்பையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

எப்படி இருக்கிறது உங்கள் வாழ்க்கை என்று டாக்டர் கேட்டார்.

நான் உள்ளதைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியாமல் அடி வாங்கியது. டீச்சர் என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தது. கழுத்தின் பின்பக்கம் ஒரு புண் ஆறாமல் இருந்து, கேன்சராகலாம் என்று அறுத்து எடுத்தது. வித்துராவில் ஒரு குறைகேட்பு முகாமுக்கு அலுவலக வேலையாகப் போய், திறந்தவெளியில் நாற்காலி போட்டிருந்ததால் ஒரு வாரம் முகம் உரிந்து படுத்தது. கல்யாணம். எல்லாம் சொன்னேன். தம்பியின் தோள் தளர்ந்தது எனக்குத் தெரிந்தது.

பிறகு மீதியையும் சொன்னேன். அதுவும் உள்ளதுதானே. எனக்கு வேலை இருக்கிறது, நான் அதில் கெட்டிக்காரி என்றேன். மழைக்காலத்தைப் பற்றிச் சொன்னேன். சிநேகிதிகள் இருக்கிறார்கள், போன வருஷம் சேர்ந்து பொன்முடிக்குப் போனோம், அங்கே மூடுபனியில் அவர்களுக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும் தெரிந்தது, அன்று முழுக்க நான்தான் முன்னால் நடந்தேன் என்றேன். "வெயிலுக்குத் தொப்பி உண்டு, கண்ணுக்குக் கண்ணாடி உண்டு டாக்டர். எனக்கு அதிகம் வலித்தது இது ரெண்டும் இல்லை," என்றேன். எது வலித்தது என்று அவர் கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"மதினி." தம்பி மனைவி தலையைத் தூக்கினாள். அவள் பேசியது எல்லோருக்கும் ஆச்சரியம். "ஒங்களுக்குப் பொறந்ததுல சந்தோசமா?"

"ஆமா," என்றேன். யோசிக்கவில்லை.

"அவ அப்பிடித்தான் சொல்லுவா," என்று அம்மா குறுக்கே வந்தாள். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. வளத்தவளுக்குத்தான் தெரியும்."

டாக்டர் அம்மா பக்கம் திரும்பினார். "அம்மா, அன்றைக்கு இப்படி ஒரு டெஸ்ட் இருந்து, முன்கூட்டியே உங்களுக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?"

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மலையாளத்தில் தொடங்கி நிறுத்திவிட்டு, எங்கள் பேச்சிலேயே சொன்னாள். என்னைப் பார்க்காமல்.

"தெரிஞ்சிருந்தா இவளை இவ்வளவு கஷ்டப்படுத்தியிருக்க மாட்டேன்."

சில நொடி எனக்கு அது விளங்கவில்லை. இன்னும் நன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்கிறாள் என்றுதான் நினைத்தேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். டாக்டரின் கண் சட்டென்று என் மீது வந்து, உடனே விலகியது. அப்போதுதான் புரிந்தது. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் கைப்பை என் மடியில் இருந்தது. அதற்குள் மதியச் சாப்பாட்டு டப்பா இருந்தது. அங்கிருந்து அலுவலகத்துக்குப் போகலாம் என்று எடுத்து வந்திருந்தேன். அம்மாதான் காலையில் அதைக் கட்டிக் கொடுத்திருந்தாள்.

முடிவு நீங்கள்தான் எடுக்க வேண்டும், இது உயிருக்கு ஆபத்தான குறை இல்லை, நன்றாக யோசியுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கார் சிக்னலில் நின்றபோது தம்பி, "ஒன்ன நான் கூட்டிட்டே போயிருக்கப்படாது" என்றான். என் நன்மைக்காகச் சொன்னானா, அவன் நன்மைக்காகவா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல மழை. தம்பி மனைவி என் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

"மதினி, கண்ணாடியக் கழத்துங்களேன். ஒங்க கண்ணப் பாக்கணும்."

கழற்றினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அவள் என் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. விழி ஆடுவது எனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது, எனக்கு உலகம் நின்றுகொண்டுதான் இருக்கிறது என்றேன். அவள் லேசாகச் சிரித்தாள்.

"நான் இதப் பெத்தா, நீங்க கூட இருப்பீங்களா?"

"எங்க போகப் போறேன்? கூடத்தானே இருக்கேன்."

"எனக்கு வளக்கத் தெரியாது. நீங்க சொல்லித் தரணும். வெயிலுக்கு என்ன போடணும், ஸ்கூல்ல என்ன சொல்லணும், எல்லாம்."

"சொல்லித் தாரேன்."

"அவ்வோகிட்ட சொல்லுதேன்," என்றாள். எழுந்து போகும்போது என் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தாள். சாதாரண முடி மாதிரிதான் இருக்கு என்றாள்.

அந்த இரண்டு நாளில் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. கறுப்புக் கண்ணாடி சின்ன அளவில் எங்கே கிடைக்கும் என்றுகூட விசாரித்தேன்.

செவ்வாய்க்கிழமை மாமா திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கினார். முன்னறையில் எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். தம்பி மனைவியை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். நான் காப்பி கொண்டுபோய் வைத்தபோது மாமா என்னிடமே பேசினார்.

"நீ தப்பா எடுத்துக்கிடாத. நீ நல்லா இருக்க, இல்லன்னு சொல்லல. ஒன்ன மாதிரிப் படிப்பும் வேலையும் எல்லாருக்கும் வாய்க்குமா? அதுலயும் பொட்டப் பிள்ளையாப் போச்சுன்னா?"

பொட்டப் பிள்ளையா என்று அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. வயிற்றிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொன்னால் டாக்டரைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். பெண் என்றால் கலைத்துவிடுவார்கள் என்பதால் வந்த சட்டம் அது, நல்ல சட்டம். என்னைப் போலவா என்று சொல்வதற்கு அப்படி ஒரு தடை கிடையாது.

"அவட்ட கேளுங்க மாமா," என்றேன். "அவ வயித்துலதானே இருக்கு."

"அவ சின்னப் பிள்ள. அவளுக்கு என்ன தெரியும்?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவள் அப்பாவைப் பார்த்தாள்.

அந்த வாரத்திலேயே அது முடிந்துவிட்டது. வேறொரு ஆஸ்பத்திரியில். நான் போகவில்லை, யாரும் கூப்பிடவுமில்லை. அவள் வீட்டுக்கு வந்த அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு உளுந்தங்களி கிண்டினேன். பிரசவித்த பெண்களுக்கு இடுப்புப் பலத்துக்கு எங்கள் பக்கத்தில் கொடுப்பது. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் போட்டுக் கொண்டுபோனேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எழுப்பி உட்கார வைத்து ஊட்டினேன். இரண்டு உருண்டை சாப்பிட்டாள்.

"காட்டுங்கன்னு கேட்டேன் மதினி. காட்ட மாட்டோம்னுட்டாங்க," என்றாள். பிறகு, "அந்த மாசத்துல கலரு தெரியுமா?" என்று கேட்டாள்.

அந்த மாதத்தில் எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் நிற வித்தியாசம் தெரியாது என்று நான் எங்கோ படித்திருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை. தெரியாதும்மா என்று மட்டும் சொன்னேன். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ. களியை முழுக்கச் சாப்பிட்டு முடித்தாள்.

அம்மாவிடம் இதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. அதற்குள் தம்பியும் அவளும் பட்டம் என்கிற பகுதியில் ஒரு ஃபிளாட்டுக்குப் போய்விட்டார்கள். நானும் அம்மாவும் மட்டும் பழைய வீட்டில். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து கேட்டுவிட்டேன்.

"அம்மா, அன்னைக்கி டாக்டர்கிட்ட சொன்னியே. என்ன பெத்திருக்க மாட்டேன்னு."

"நான் எப்போட்டி அப்பிடிச் சொன்னேன்?"

"கஷ்டப்படுத்தியிருக்க மாட்டேன்னு சொன்ன. அதுக்கு வேற என்ன அர்த்தம்?"

அம்மாவின் கை நின்றது. "நீ எனக்கு வேண்டாம்னா சொன்னேன்? இந்தக் கஷ்டம் ஒனக்கு வேண்டாம்னுல்லா சொன்னேன்," என்றாள்.

"கஷ்டத்த மட்டும் எடுத்துட்டு என்ன வச்சிருக்க முடியாதும்மா. ரெண்டும் சேந்துதான் போயிருக்கும்."

"ஒங்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?" என்று கீரைக்குத் திரும்பினாள். அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். அவ்வளவு தூரத்திலிருந்து எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அதன் பிறகு நாங்கள் அதைப் பேசவில்லை. அவள் என்னை எப்படி வளர்த்தாள் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு என்னைக் கூட்டி வர வேண்டாம் என்று சொன்னதற்காக அவர்களோடு சாகும்வரை பேசமாட்டேன் என்றவள். இன்றும் நான் வெளியே கிளம்பினால் தொப்பியை எடுத்து நீட்டுகிறவள். அவளை வெறுக்க முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

விஞ்ஞானம் வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான். என் கண்ணாட்டத்தை நிறுத்த ஒரு மருந்து வந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பேன். கழுத்தில் இன்னொரு புண் வராமலிருக்க ஓர் ஊசி போட்டால் கையை நீட்டுவேன். குழந்தை துடிதுடித்துச் செத்துப்போகிற நோய்களெல்லாம் இருக்கின்றன. அந்தப் பெற்றோரிடம் போய்ப் பேச எனக்கு வாயில்லை. ஆனால் அலுவலகத்தில் ஒருநாள் பக்கத்து மேஜைப் பையன் பேப்பரில் எதையோ வாசித்துவிட்டு, இனி ஜீனையே வெட்டித் திருத்திவிடுவார்கள், குறையுள்ள குழந்தையே பிறக்காது என்று உற்சாகமாகச் சொன்னான். எல்லோரும் ஆமாம் என்றார்கள். பிறகு அவனுக்கு நான் இருப்பது ஞாபகம் வந்தது. "சேச்சியெ உத்தேசிச்சல்ல கேட்டோ" என்றான். உங்களை நினைத்துச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்றேன். யாரும் என்னை நினைத்துச் சொல்வதில்லை.

அதன் பிறகு தம்பியும் மனைவியும் கருவை வெளியே உண்டாக்கிச் சோதித்து வைக்கிற சிகிச்சைக்குப் போனார்கள். என் ரத்தத்தில் கண்டுபிடித்ததை வைத்துத்தான் அந்தச் சோதனையும். தம்பி போனில் சொன்னான்.

"நாலு கெடச்சிது அக்கா. அதுல ஒண்ணு சரியில்ல."

"சரியில்லன்னா?"

அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "வளர்ச்சி இல்ல," என்றான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவன் சிறுவயதிலிருந்தே நான் அவன் குரலைத்தானே பார்த்திருக்கிறேன், முகத்தை எப்போது தெளிவாகப் பார்த்தேன்? சரி, உடம்பைப் பார்த்துக்கொள் என்று வைத்துவிட்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. மாநிறம், தலை நிறைய கறுத்த முடி, கூர்மையான கண். தொட்டில் போட்ட அன்று திருநெல்வேலியிலிருந்து வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். மாமா வீட்டுச் சொந்தக்காரி ஒருத்தி குழந்தையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "பிள்ள கொஞ்சம் கலரு கொறவுதான். கடலமாவு தேச்சுக் குளிப்பாட்டுங்க," என்றாள். அம்மா, வளர வளரச் சரியாகிவிடும் என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி மனைவி மட்டும் திரும்பவில்லை. அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போகிற போக்கில் என் தோளில் ஒரு கை வைத்துவிட்டுப் போனாள். அவளும் நானும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. குழந்தை என்னிடம் நன்றாக ஒட்டிக்கொள்கிறது. அத்தை என்று கூப்பிடுகிறது. அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மடியில் வைத்திருக்கும்போது சில நேரம் இன்னொன்றின் ஞாபகம் வரும். அதைக் குழந்தை மேல் ஏற்றாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன். திருநெல்வேலியிலிருந்து, மாமா வழியில் ஒரு தங்கை முறை. அவள் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாத வீடு. குரலில் அத்தனை மரியாதை. மகளுக்குச் சொந்தத்திலேயே ஒரு நல்ல இடம் அமைந்திருக்கிறதாம். மாப்பிள்ளை வீட்டார் படித்தவர்களாம்.

"ஒங்க ரத்தத்துல பாத்தத ஒரு போட்டோ எடுத்து அனுப்புனீங்கன்னா, அத வச்சு எங்க பிள்ளைக்கும் பாத்துருவோம்க்கா. ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சிட்டா மனசுக்கு ஒரு நிம்மதி. நீங்க நல்லா இருக்கீங்கல்லா?"

நன்றாக இருக்கிறேன் என்றேன்.

"ஒங்களாலதான் நம்ம குடும்பத்துல இனிமே யாருக்கும் இது வராமப் பாத்துக்கிட முடியுது. பெரிய புண்ணியம்க்கா," என்றாள்.

என் ரத்தப் பரிசோதனைத் தாளை அலமாரியிலிருந்து எடுத்து, ஜன்னலோரம் வைத்து, போட்டோ எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. திரையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். தூக்கிக் காட்டிய ஒரு கட்டைவிரல்.